பொண்ணு ரூம்ல தூங்குறா

சென்னைத் துறைமுகத்தில் மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கப்பலேற நின்ற நீண்ட வரிசையில் பிள்ளைகள் இல்லாமல் வந்தவர்கள் ரெங்கராஜும் அவன் மனைவி பிரகதீஸ்வரியும் மட்டும்தான். முன்னும் பின்னும் தள்ளுவண்டிகள், பலூன்கள், ஐஸ்கிரீம் வழியும் சின்னக் கைகள்.

இருவருக்கும் ஊர் அறந்தாங்கி. ரெங்கராஜ் பன்னிரண்டு வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து பெயிண்ட் கடை வைத்திருந்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். நான்கு தடவை கரு தங்கி, நான்கு தடவையும் கலைந்துவிட்டது. போன தை மாதம், "இனி முயற்சி வேண்டாம்" என்று திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிரகதீஸ்வரி வாசற்படி தாண்டுவதில்லை. எங்காவது கூட்டிப்போனால் தேறுவாள் என்றுதான் மூன்று நாள் பயணத்துக்குப் பதிவு செய்தான். அது குடும்பங்களுக்கென்றே விடுகிற கப்பல் என்பது ஏறிய பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் மதியம் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீச்சல்குளத்தில் பிள்ளைகள் கும்மாளமிட்டன. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தானாகவே பேச்சுக் கொடுத்தாள். பெயர் செபமாலையாம், ஊர் மணமேல்குடி. இவர்கள் அறந்தாங்கி என்றதும் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டாள்.

"அட, நம்ம பக்கந்தானா! ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

ரெங்கராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பிரகதீஸ்வரி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பொண்ணு. ஆறு வயசு. ரூம்ல தூங்குறா."

அவன் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. பாவம், மூன்று நாளைக்காவது சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது சோபாவை யாரோ படுக்கையாக விரித்திருந்தார்கள். குட்டிப் போர்வை ஒன்று கலைந்து கிடந்தது. தலையணையின் நடுவே ஒரு சின்னப் பள்ளம். அறையைச் சுத்தம் செய்கிறவர்கள் தவறாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தபடி அதைத் தட்டிச் சரிசெய்யப் போனான்.

படுக்கை ஈரமாக இருந்தது. பாசியும் நண்டும் சேர்ந்து அழுகிய வாடை குப்பென்று வந்தது.

மறுநாள் காலை அறையின் டெலிபோன் அடித்தது.

"சார், கிட்ஸ் ரூம்லேருந்து பேசுறேன். டைம் முடிஞ்சிருச்சு. ஒங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எங்களுக்குப் பொண்ணு இல்லைங்க" என்று சொல்ல நினைத்தான். பிரகதீஸ்வரி அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அந்த விளையாட்டு அறை காலியாக இருந்தது. பொறுப்பிலிருந்த இளம்பெண் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எங்க?" என்று கேட்டான்.

அவள் சிரித்தாள். "இந்தா, அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளே சார்."

பிரகதீஸ்வரியின் வலது கை பாதி மூடியிருந்தது. எதையோ பொத்திப் பிடித்ததுபோல. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. தை மாதத்துக்குப் பிறகு அவன் பார்க்கும் முதல் சிரிப்பு.

"பிரகதி, கைய விடு."

"சின்னக் கைங்க," என்று கிசுகிசுத்தாள். "ஜில்லுன்னு இருக்கு."

அறந்தாங்கிக்குத் திரும்பிய பிறகு பிரகதீஸ்வரி சமைத்தாள், பாடினாள், வெறும் காற்றுக்கு வகிடெடுத்துச் சடை பின்னினாள். ரெங்கராஜ் அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தான். ஆனாலும் அவள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று பொறுத்துக்கொண்டான்.

ஒரு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். விடிந்தால் அவள் தலையணையில் உப்புப் பூத்திருந்தது. ஒரு காலையில் அவளாகவே அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

"கழுத்தக் கட்டிக்கிட்டே படுக்குறா. மூச்சு முட்டுது. எறக்கிவிட்டா எறங்க மாட்டேங்குறா. எனக்குப் பயமா இருக்கு."

"நீதான சொல்லி வரவழைச்ச. நீயே இல்லைன்னு சொல்லிரு," என்றான் அவன்.

திருவரங்குளம் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். சன்னிதி முன்னால் நின்று அவள் கண்ணை மூடினாள். நெடுநேரம் உதடு துடித்தது. பிறகு வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை இல்லை."

எதுவும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் காரிலேயே அயர்ந்து தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது.

அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனவன் அரைமணி நேரத்தில் திரும்பினான்.

படுக்கையறைத் தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. இரண்டு கைகளும் எதையோ நெஞ்சிலிருந்து தள்ளுவதுபோல் விறைத்திருந்தன.

தரை காய்ந்திருந்தது. சேலையிலும் ஒரு துளி ஈரமில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து வெளியே வந்த டாக்டர் அவனைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"எந்தக் கடல்ல விழுந்தாங்க?"

'நீயே இல்லைன்னு சொல்லிரு' என்ற தன் குரலே அவன் காதில் ஓயாமல் கேட்டது. கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். வீட்டில் சத்தமில்லை, வாடையில்லை. வந்தது அவளோடு போய்விட்டது என்று நம்பினான். அந்த ஒரு ஆறுதலைத் தவிர அவனிடம் வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் நோட்டோடு ஒரு டீச்சர் நின்றிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளக் கணக்கெடுக்குறோம் சார். ஒங்க வீட்டுல..."

அவள் பார்வை அவன் இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. முகம் மலர்ந்தது.

"ஒங்க பொண்ணா? எந்த ஸ்கூல்ல படிக்குறா?"

ரெங்கராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் உள்ளங்கைக்குள் சில்லென்று ஐந்து விரல்கள் நுழைந்தன.

காத்திருந்தன.

"ஆமா டீச்சர்," என்றான். "எம்பொண்ணுதான்."

"ஏன் சார், பிள்ளைக்குத் தலை இப்படிச் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு? தொவட்டிவிடக் கூடாதா?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். குனிந்து, ஒன்றுமே தெரியாத அந்த இடத்தில் மெல்லத் துவட்டத் தொடங்கினான்.

துண்டு நனைந்துகொண்டே இருந்தது.