மூணு தடவ கூப்பிடுவாங்க

முதல்ல வந்தது வாசனைதான். காகிதம் கெட்டுப்போயிடும்னு ஒரு பிஸ்கட்டக்கூட உள்ள விடாத அந்த ரிக்கார்டு ரூம்ல, பன்னிக்கறிக்கு உப்பத் தடவி விறகுப் புகையில தொங்கவிட்டா வருமே, அந்த வாசனை. வெர்லீன் நிமிந்து பாத்தா. இரும்பு அலமாரிங்க, சிவப்பு நாடா கட்டின கட்டுங்க, மேல சின்ன ஜன்னல்ல மழை. அவ்வளவுதான்.

"மிஸ் டாட்டி, மேல யாராச்சும் சமைக்கிறாங்களா?"

கிளார்க் டாட்டி படியில நின்னு சாவிக்கொத்த ஆட்டிக்கிட்டிருந்தாங்க. "சமைக்கிறதுக்கு இங்க என்ன கண்ணு இருக்கு? ஊசிப்போன கேஸுங்கதான் இருக்கு. மேல கோர்ட் ஹாலப் பூட்டியாச்சு, மழையும் வலுக்குது. நீயும் முடிச்சுக்க. ஹாஸ்கெட் ஐயா மேல யாரும் கேஸ் போட்டதில்ல, எத்தன பேர் தேடியாச்சு."

"இல்லன்னா என்ன பயம் உங்களுக்கு? தேடி அலுத்துட்டுப் போறேன்."

டாட்டி உதட்டச் சுழிச்சுட்டு, காருக்குள்ள உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

நாளைக்குக் காலையில கவுண்டி கூட்டம், ஜில்லா நிர்வாகத்தோடது. இந்தக் கோர்ட்டுக்கே ஜோசையா ஹாஸ்கெட்னு பேர் வைக்கப் போறாங்க. அடிமை முறை இருந்த காலத்துல அறுபது அடிமைங்கள வச்சிருந்தவன். 'தங்கமான எஜமான், அவர்கிட்ட இருந்த ஒருத்தர்கூட விடுதலை கேட்டு கோர்ட் படி ஏறினதில்ல'ன்னு அவன் வம்சம் பேப்பர்ல போட்டிருக்கு. வெர்லீன் வீட்டுல சொல்றது வேற. அவங்க வம்சத்துல ஆறு தலைமுறைக்கு முன்னாடி சில்வின்னு ஒருத்தி படி ஏறப் போனா, போனவ திரும்பல. கைப்புள்ளைய அக்கம்பக்கத்துக்காரங்க வளத்தாங்க. அந்தப் புள்ள வழியாத்தான் இவங்க எல்லாரும்.

வாக்குமூலம், பாகப்பிரிவினை, கடன் வழக்குன்னு ஒவ்வொரு கட்டா அவுத்து அவுத்து, விரல் நுனியெல்லாம் வறண்டு, கண்ணு எரிஞ்சு, இனி இல்லன்னு நினைக்கிறப்ப, மாடு திருடின கேஸுக்கும் வேலித் தகராறுக்கும் நடுவுல தப்பா சொருகின ஒரு தாள் வழுக்கிக்கிட்டு மடியில விழுந்துச்சு.

சில்வி, கறுப்பினப் பெண், எதிர் ஜோசையா ஹாஸ்கெட். என் தாய் சுதந்திரமானவள், ஆகவே நானும் சுதந்திரமானவள் என மனு. கீழ வேற மையில: கோர்ட் வாசலில் மூன்று முறை கூப்பிட்டும் மனுதாரர் வரவில்லை. தள்ளுபடி.

கிடைச்சிருச்சு. ஆனா இது போதாது. வரலன்னு எழுதிட்டா, அவளே வேணாம்னு விட்டுட்டான்னுதான நாளைக்குச் சொல்லுவாங்க?

தாளத் திருப்பினா. பின்னாடி இன்னொண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு, பிரேத விசாரணை. அதே தேதி. ஹாஸ்கெட் பண்ணையில கறி புகைபோடுற கொட்டகைக்குள்ள ஒருத்தி செத்துக்கிடந்தா. கதவு வெளிய தாழ் போட்டிருந்துச்சு. தீ எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. முடிவு: விபத்து.

வெளிய தாழ் போட்டிருந்துச்சு. அப்படியும் விபத்துன்னு எழுதிருக்கான்.

போன்ல போட்டோ எடுத்து தம்பி ரூஃபஸுக்கு அனுப்பினா. உடனே கூப்பிட்டான். "அக்கா, கிடைச்சதுல்ல? ஓடி வா. அந்தக் கட்டடமே சரியில்ல. ஆளு தெரியாம பேர் சொல்லிக் கூப்பிட்டா 'ஏன்'னு பதில் குடுக்காத, அம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குடா, பயந்தாங்கொள்ளி."

லைட்டு போச்சு. போனும் செத்துருச்சு.

மழைச் சத்தம். ஜன்னல்ல இருந்து சாம்பல் நிறத்துல கொஞ்சம் வெளிச்சம். வாசனை இப்ப வாசனையா இல்ல, புகையா தொண்டையில இறங்குச்சு. தலைக்கு மேல, பூட்டின ஹால்ல, மரத்தரையில யாரோ நடந்தாங்க. பெரிய பூட்ஸு. மெதுவா வாசப்பக்கம் போய் நின்னுச்சு.

"சில்வி!"

ஆம்பளக் குரல். ஒப்புக்குக் கூப்பிடுற குரல். அவ வரமாட்டாள்னு தெரிஞ்சுக்கிட்டே கூப்பிடுற குரல்.

பதில் சொல்லாத. பல்லக் கடிச்சுக்க. அம்மா, அம்மாவோட அம்மா, எல்லாரும் சொன்னது அதுதான். ஏன்னு கேட்டா உன்ன கூட்டிட்டுப் போயிடும்.

"சில்வி!"

ரெண்டு.

கூட்டிட்டுப் போகட்டுமே. இன்னொரு தடவையும் 'வரல'ன்னு எழுத விடுறதா? எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுதான இவன் பேர் கல்லுல ஏறப் போகுது?

ரெண்டு தாளையும் மார்போட அணைச்சுக்கிட்டு படி ஏறினா. டாட்டி பூட்டின ஹால் கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள ஆள் இல்ல. பெஞ்சுங்க. நீதிபதி மேடை. எல்லாத்து மேலயும் புகை.

மூணாவது தடவைக்கு யாரோ மூச்சு இழுத்தாங்க.

"வந்துட்டேன்!" வெர்லீன் கத்தினா. "சில்விக்காக நான் வந்திருக்கேன்! எழுதிக்க!"

மேடையில பேனா காகிதத்துல உரசுற சத்தம்.

இவ நிறுத்தல. "இப்ப அவனக் கூப்பிடு. மாட்டியா? நான் கூப்பிடுறேன். ஜோசையா ஹாஸ்கெட்!"

மழை.

"ஜோசையா ஹாஸ்கெட்!"

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் என்னமோ இழுபடுற சத்தம். குதிகால் படியில இடிக்குது. ஒவ்வொரு படியா. வர மாட்டேன்னு அடம்புடிக்கிற கனம்.

வெர்லீன் விடல.

"ஜோசையா ஹாஸ்கெட்!"

கதவு திறந்துச்சு.

வெள்ளச் சட்ட, வெள்ளத் தாடி. கண்ணு பிதுங்கி நிக்குது. வாயத் திறந்து திறந்து மூடுறான், வார்த்த வரல, புகைதான் வருது. அவன் தானா நடக்கல. பின்னங்கழுத்துல ஒரு கை. கருகி, எலும்போட தோல் ஒட்டின கை, விரல் அஞ்சும் சதைக்குள்ள புதைஞ்சிருக்கு. கைக்குப் பின்னாடி இருட்டு. அந்த இருட்டுல ரெண்டு கண்ணு, வெர்லீன் அம்மாவுக்கு இருந்த அதே கண்ணு.

வெர்லீன் குத்தவாளிக் கூண்டோட சின்னக் கதவத் திறந்து பிடிச்சா.

"உள்ள கொண்டாங்க ஆத்தா."