காந்தத்துக்குள் ஒரு கை

காலையில் நோயாளிகள் வருமுன் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை உள்ளே வைத்துப் படம் எடுத்து, மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது றஸ்னாவின் வேலை. அன்றும் போத்தல் வெள்ளையாக, சரியாக விழுந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றி வெறும் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் புள்ளிகள் திரண்டு, விரல்களைப் போல நீண்டு நின்றன.

கல்முனையில் அந்தத் தனியார் கிளினிக்குக்கு வந்த எம்ஆர்ஐ சிறியது. குகை போல மூடியதல்ல. மேலும் கீழும் இரண்டு காந்தத் தட்டுகள், நடுவே மேசை, பக்கங்கள் திறந்தபடி. பயந்த பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் அணையாது. கூட வேலை செய்யும் ஹிஷாமிடம் படத்தைக் காட்டினாள். பலம் குறைஞ்ச காந்தம் ராத்தா, புள்ளி விழத்தான் செய்யும் என்று அவன் சிரித்தான்.

போன கிழமை கலந்தர் என்ற வியாபாரியின் படங்களிலும் அது இருந்தது. தலைக்கு வெளியே, படத்துக்குப் படம் கொஞ்சம் கிட்ட. கடைசிப் படத்தில் நெற்றியைத் தொட்டது. தலையிடி என்று நடந்து வந்த மனிசன் அந்த மேசையிலேயே மூச்சு நின்று மௌத்தானார். மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார் டொக்டர். படங்களின் ஓரத்தை வெட்டிவிடச் சொன்னார். றஸ்னா மாட்டேன் என்றாள்.

இரண்டு நாளாகப் பெய்த மழை பின்னேரம் இன்னும் வலுத்தது. தம்பிலுவிலிலிருந்து மேனுஜா தன் மகள் கிருசிகாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்கு விடிந்ததிலிருந்து விட்டு விட்டு வலிப்பு. பெரியாஸ்பத்திரி இருக்கிற மட்டக்களப்புக்குப் போகும் றோட்டெல்லாம் வெள்ளம். வலிப்பை அடக்க ஊசி போட்ட டொக்டர், தலைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வேறு மருந்தைத் தொடங்க முடியாது என்றார். வேறு மெஷின் இல்லை.

பிள்ளையை மேசையில் கிடத்தி, பக்கத்தில் மேனுஜாவை நிற்க வைத்தார்கள். டொக், டொக் என்று காந்தம் தட்டத் தொடங்கியது. ஈரச் செருப்புகளின் வாடையும் டெட்டோல் வாடையும் கலந்திருந்த அறையில், கண்ணாடிக்கு இப்பால் நின்று றஸ்னா திரையைப் பார்த்தாள். முதல் படத்தில் விரல்கள் தூரத்தில். அடுத்ததில் காதுக்குப் பக்கத்தில். இன்னும் ஒரு படம்தான் பாக்கி.

நிறுத்தினால் பிள்ளைக்கு வைத்தியம் இல்லை.

அவள் வளையலைக் கழற்றினாள். மணிக்கூட்டைக் கழற்றினாள். முக்காட்டில் குத்தியிருந்த ஊசிகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே போய், மேனுஜாவை வெளியே நிற்கச் சொன்னாள்.

"என்ன மிஸ், பயப்பட ஏதும் இருக்கா?" என்றாள் மேனுஜா.

"நான் பிடிச்சிக்கிறன் தங்கச்சி. நீங்க போங்க."

தட்டுகளுக்கிடையில் கையை விட்டுப் பிள்ளையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கச் சொல்லி ஹிஷாமுக்குத் தலையசைத்தாள்.

டொக். டொக். டொக்.

புறங்கையில் குளிர். காற்றல்ல. பாரம் இருந்தது. மெதுவாக அழுத்தியது. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தது.

றஸ்னா கையை எடுக்கவில்லை.

"இது என்ட கைக்குக் கீழ இருக்கிற புள்ள," என்றாள். "உனக்குத் தரமாட்டன்."

சத்தம் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் திரையில் படம் விழுந்தது. பிள்ளையின் தலை. அதன் மேல் றஸ்னாவின் கை. அந்தக் கையின் விரலிடுக்குகளில் வேறு விரல்கள். ஹிஷாம் கதிரையைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டினான்.

டொக்டர் வந்து படத்தின் நடுவை மட்டும் பார்த்தார். மூளையில் சீழ்க்கட்டி, மருந்துக்குக் கேட்கும் என்றார். மேனுஜா அழுதுகொண்டே மகளை அள்ளி எடுத்துப் போனாள்.

மேசை வெறுமையானது. றஸ்னாவின் கை மட்டும் தட்டுகளுக்கிடையில் அப்படியே நின்றது.

"கைய எடுங்க ராத்தா," என்றான் ஹிஷாம்.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பிறகு இழுப்பதை விட்டாள். அது இனி இன்னொரு தலையைத் தேடிப் போகாதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத காற்றைத் தன் விரல்களால் இறுக்கிப் பிடித்தாள்.

அவள் புறங்கையில் ஐந்து குழிகள் விழுந்தன. வெளுத்தன. ஆழமாகிக்கொண்டே போயின.