சோதனைக்கு வந்த முடிக்கற்றை

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. மின்விசிறிக்கு நேராக இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து, பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் காற்று விடுங்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் தலைமுடி போன கதையைச் சொல்லப் போகிறேன். யார் செய்தது என்பதை எனக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடலாம். நான் எதையும் ஒளித்து வைக்க மாட்டேன், இது சத்தியம்.

வெள்ளிக்கிழமை காலை. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் முத்துராணியின் அழகு நிலையம். மகளிர் காவல் நிலையத்தின் சப் இன்ஸ்பெக்டர் மாரிக்கண்ணு சாதாரணச் சேலையில் அங்கே உட்கார்ந்திருந்தாள். வேலையாக வரவில்லை. தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு முன்னால் நரைத்த தலைக்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும்; யாரை நம்பித் தலையைக் கொடுப்பது என்று கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஜங்ஷனில் ஒரு கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் பூசுகிற டப்பாவையே அவளுக்கும் திறந்தார்கள். எழுந்து வந்துவிட்டாள்.

இங்கே நேர்மாறு. முத்துராணி கேள்வியால் குடைந்தாள்.

"முன்ன என்ன போட்டிய? மருதாணியா, பவுடரா? கடை எண்ணெய் ஏதும் தேய்ச்சியளா? தலை அரிக்குமா?"

"ஏம்மா, திருடன்கிட்ட கூட நான் இம்புட்டு கேள்வி கேட்டதில்ல."

"திருடன் பொய் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது மேடம். இங்கன பொய் சொன்னா சொன்னவ தலைதான் போவும்."

பின்கழுத்திலிருந்து ஒரு கற்றை முடி வெட்டித் தரவேண்டும், அதில் பூசிப் பார்த்த பிறகே தலையில் கை வைப்பேன் என்றாள். பூசிப் பார்த்த கற்றைகளை அட்டையில் ஒட்டி, பேர் எழுதி, ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். மாரிக்கண்ணுவுக்கு இதுவும் உறுத்தியது. இத்தனை பத்திரம் காட்டுகிறவள் எதற்கோ பயப்படுகிறாள் என்பது போலீஸ் புத்தி. அதற்குள் வேறொன்றும் கண்ணில் பட்டது. உதவிக்கு நிற்கும் மேலப்பாளையத்துப் பெண் முஃபீதா, கிண்ணத்தில் கிரீமைக் கலக்கியபடியே போனைத் தோளில் இடுக்கி, "இந்த வாரம் முடியட்டும், சொல்லுதேன்" என்று ரகசியமாகப் பேசினாள்.

அப்போதுதான் திரைக்குப் பின்னால் அலறல்.

"அம்மா, சுடுது! தலை சுடுது!"

மாரிக்கண்ணு திரையை விலக்கினாள். நாற்காலியில் அம்பாசமுத்திரத்துப் பெண் சுகன்யா. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இடுப்பைத் தொடும் முடிக்குத் தேன் நிறம் வேண்டும் என்று கேட்டு வந்தவள். முடியைச் சுற்றியிருந்த வெள்ளித்தாளுக்குள்ளிருந்து ஆவி வந்தது. முத்துராணி பாய்ந்து தாளைக் கிழித்துத் தண்ணீரைத் திறந்தாள். தண்ணீரோடு முடியும் வந்தது. வெந்த சேமியா போலக் கொத்துக் கொத்தாகக் கையில் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

சுகன்யாவின் அம்மா பேச்சியம்மாள் முத்துராணியின் கொண்டையைப் பிடித்துவிட்டாள்.

"பாவி, எம் பிள்ளை தலையில என்னத்தட்டி வச்ச?"

அடுத்த நிமிடம் போனை எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிற குடும்பக் குழுவுக்கு அழுதுகொண்டே குரல் செய்தி அனுப்பினாள். கடைப் பேரையும் முத்துராணி பேரையும் சொல்லி, "ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்டேன்" என்று முடித்தாள். வாசலில் கூட்டம் கூடியது. யாரோ ஒருவன் கண்ணாடிக் கதவில் கல்லை விட்டெறிந்தான்.

முத்துராணி கல் விழுந்த கதவைப் பார்த்தாள். புருஷனை இழந்தபின் அவள் எழுப்பிய கடை அது. அது போனால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது.

"யாரும் எதையும் தொடக்கூடாது. நான் போலீஸ்" என்றாள் மாரிக்கண்ணு.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரை வரவழைத்தாள். தோல் சிவந்திருக்கிறது, புண் இல்லை என்றார் அவர். அதன் பிறகு கடைக்கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை எண்ணினாள். முத்துராணி, முஃபீதா, சுகன்யா, பேச்சியம்மாள், கூடவே வந்த அத்தை தங்கத்தாய். தங்கத்தாய் சுகன்யாவின் அப்பாவுடன் பிறந்தவள். மூலையில் ஒரு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிரீம் கலந்தது யாரு?"

"நாந்தான் மேடம்" என்றாள் முஃபீதா.

"போன்ல யாரு?"

முஃபீதா முத்துராணியைப் பார்த்தாள். "எதிர்த்தாப்புல புதுக்கடை. வேலைக்குக் கூப்பிடுதாவ."

"அடி பாதகத்தி!" என்றாள் முத்துராணி.

"வாரேன்னு நான் சொல்லலியே அக்கா! அல்லா மேல ஆணை, கிரீம்ல நான் ஒண்ணும் சேர்க்கல."

கிண்ணத்தில் கிரீம் பாதி மிச்சமிருந்தது. மாரிக்கண்ணு கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலையிலேயே ஒரு கற்றையை வெட்டி, அதில் முக்கித் தாளில் சுற்றினாள். எல்லோரும் அதையே பார்த்தபடி இருந்தார்கள். தாள் சுடவில்லை. பிரித்தபோது முடி வெளுத்திருந்தது, அறுந்துபோகவில்லை. சுகன்யாவின் தலையிலிருந்து விழுந்த கொத்து ஒன்றைக் கழுவித் துடைத்து அதே கிரீமில் போட்டாள். விரல் வைக்க முடியாதபடி கொதித்தது.

"கோளாறு கிண்ணத்துல இல்ல, பிள்ளை முடியிலதான்" என்றாள்.

முத்துராணி மெல்லச் சொன்னாள். "சில கருப்பெண்ணெயில உலோக உப்பு கலக்குதானுவ மேடம். முடி மேல படிஞ்சு கருப்பாக் காட்டும். அதுக்கு மேல இந்த கிரீம் பட்டா இப்படித்தான் எரியும். அதுக்குத்தான் கேக்கேன், அதுக்குத்தான் கற்றை வாங்கிச் சோதிக்கேன். இந்தப் பிள்ளை கற்றை நல்லாத்தானே வந்துச்சு!"

பேச்சியம்மாள் சட்டென்று தங்கத்தாய் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இவதான்! காலையில எம் பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துனது இவதான். தன் மவன் மணிராஜுக்குப் பொண்ணு தரலன்னு மூணு வருசமாப் பொருமிக்கிட்டு கெடக்கா!"

தங்கத்தாய் எழுந்தாள். "மைனி, நாக்கை அடக்கிப் பேசுங்க. முறை இருந்தும் தரல, கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. அதுக்காவ பெத்த பிள்ளை மாதிரி வளந்தவ தலையில கொள்ளி வைப்பனா? எங்க வீட்டுச் சீயக்காய்தான் தேய்ச்சேன்."

"எல்லாருக்கும் தெரியும் உன் சீயக்காய்!"

பேச்சு பொருந்தித்தான் வந்தது. கற்றை சோதனைக்கு வந்தது போன மாதம். தலைக்கு ஊற்றியது இன்று காலை. இடையில் யாரோ எதையோ தேய்த்திருந்தால் சோதனை தப்பும். ஆனாலும் இத்தனை நேரம் முத்துராணியை ஜெயிலுக்கு அனுப்பத் துடித்தவள், கிரீம் நல்லதென்று தெரிந்த நொடியில் அடுத்த ஆளைத் தயாராக வைத்திருந்ததை மாரிக்கண்ணு கவனித்தாள். நீட்டிப் பேசிய அந்தக் கைகளையும் பார்த்தாள். இரண்டு கைகளிலும் பத்து விரல் நுனியும் கருத்திருந்தன.

"கையில என்ன கறை?"

"கல்யாண வீடு மேடம். வாழைக்காய் சீவுனேன்."

மாரிக்கண்ணு தலையாட்டிவிட்டுச் சுகன்யாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஈரத் துண்டை விலக்கி வகிட்டைப் பார்த்தாள். தோலை ஒட்டிக் குட்டையாக, அங்கங்கே வெள்ளை.

"சாயம் போடுவியாம்மா?"

"இல்லியே. அம்மா காய்ச்சுத கரிசலாங்கண்ணி எண்ணெய்தான். காலேஜ் படிக்கையில இளநரை வந்துச்சு. அம்மாதான் ஞாயித்துக்கிழமை தோறும் தேய்ச்சுவிடுவா. எல்லாம் மறைஞ்சு போச்சு."

"சோதனைக்குக் கற்றை வெட்டும்போது வலிச்சுதா?"

"எனக்குத் தெரியாது மேடம். நான் உறங்கையில வெட்டிட்டேன்னு அம்மா சொன்னா."

மாரிக்கண்ணு டப்பாவிலிருந்து சுகன்யா பேர் எழுதிய அட்டையை எடுத்தாள். நல்ல கற்றைதான். அழகாகத் தேன் நிறம் ஏறியிருந்தது. போன் கேமராவைப் பெரிதாக்கி அதன் மேல் பிடித்தாள். முடிகளின் நுனியில் கடுகை விடச் சிறிய வெள்ளைப் பொட்டுகள். சிலவற்றுக்கு மேல்நுனியில், சிலவற்றுக்குக் கீழ்நுனியில்.

"இது என்ன முத்துராணி?"

"பொடுகுன்னு நெனச்சேன் மேடம்."

மாரிக்கண்ணு அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு தங்கத்தாயைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, அந்தப் பையில என்ன இருக்கு?"

"சவுரி மேடம். முகூர்த்தச் சடைக்கு. புது நிறத்துக்கு இதுவும் ஒத்துவரணும்லா, அதான் கொண்டாந்தோம். கடைச் சவுரி இல்ல. பிள்ளை பள்ளிக்கூடம் போன காலத்துல தலை வாரும்போது உதிர்ந்த முடியச் சேத்துவச்சு மைனிதான் கட்ட வச்சாவ."

"எடுத்துக் குடுங்க."

பேச்சியம்மாளின் கை பைக்கு நேராகப் பாதி வரை நீண்டு, அப்படியே நின்றது.

சவுரியை மேசையில் விரித்தாள் மாரிக்கண்ணு. நல்ல கருப்பு, ஒரு நரைகூட இல்லை. கட்டிலிருந்து ஒரு கொத்தை அப்படியே உருவி எடுத்தது போல ஓரிடம் மொட்டையாக இருந்தது. கேமராவை வைத்தாள். அதே வெள்ளைப் பொட்டுகள், மேலும் கீழும் மாறி மாறி.

"சீப்புல வருத முடியப் பாத்திருக்கியளா? ஒரு நுனியில சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். அது வேர். உதிர்ந்த முடிக்குத்தான் வேர் இருக்கும். கத்தரி வச்சு வெட்டுன கற்றைக்கு வேர் எப்படி வரும்? அதும் ரெண்டு பக்கமும்? உதிர்ந்த முடியத் தல எது கால் எதுன்னு பாக்காமச் சேத்துக் கட்டுனாத்தான் அப்படி இருக்கும். இந்த அட்டையில இருக்குத கற்றை பிள்ளை தலையில இருந்து வரல. சவுரியில இருந்து வந்துச்சு."

மாரிக்கண்ணு அட்டையைச் சவுரியின் மொட்டை இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தங்கத்தாய் அக்கா இன்னைக்குக் காலையில என்னத்தத் தேய்ச்சிருந்தாலும் சரி, போன மாசமே கற்றைய மாத்த வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல. முஃபீதாவுக்கும் இல்ல. கற்றையக் கொண்டாந்து குடுத்த ஆளுக்குத்தான் நிஜ முடியச் சோதிக்கப் பயம். கற்றை மாத்துனதும், எண்ணெய் வச்சதும் நீங்கதான், பேச்சியம்மா."

"வாழைக்காய்க் கறை மேடம்..."

"வாழைக்காய் சீவுனா பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கருக்கும். ரெண்டு கையிலயும் பத்து நுனியும் கருக்காது. அது தலையில எண்ணெய் தேய்க்குத கை."

பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரிசலாங்கண்ணியைக் காய்ச்சியது உண்மைதான். அதில் நரை போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் விற்ற கருப்பெண்ணெயை அதே பாட்டிலில் ஊற்றி, மகளுக்கும் சொல்லாமல் தேய்த்திருக்கிறாள். இளநரை என்று தெரிந்தால் திசையன்விளை மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். சோதனைக்குக் கற்றை கேட்டதும் குட்டு உடைந்துவிடும் என்று சவுரியிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டாள்.

"அதுவும் இவ முடிதானே! ஒரே தலையில மொளைச்சதுதானே! அதுல நல்லா வந்தா இதுலயும் நல்லா வரும்னுதானே நெனச்சேன்..."

"ஆவி வந்ததும் உங்களுக்குப் புரிஞ்சிட்டு. புரிஞ்சும் இவள ஜெயிலுக்கு அனுப்பப் பாத்திய. அது முடியலன்ன உடனே கூடப் பொறந்தவ மாதிரி இருக்குத நாத்தனார அனுப்பப் பாத்திய."

பேச்சியம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். முத்துராணியின் பேரை மீட்க ஒரே வழிதான் இருந்தது. கெடுத்த இடத்திலேயே, அதே குழுவில், நடந்ததைச் சொல்லவேண்டும். சொன்னால் இத்தனை காலம் மறைத்த நரை மாப்பிள்ளை வீட்டு நடுக்கூடத்துக்குப் போய்விடும்.

"வேண்டாம் மேடம். நான் கால்ல விழுதேன். ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுதேன். தாலி ஏறட்டும்."

வெளியே கதவை யாரோ உதைத்தார்கள். முத்துராணி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

சுகன்யா எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். துண்டு தோளில் விழுந்து கிடந்தது.

"நான் சுகன்யா பேசுதேன். முத்துராணி அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு இளநரை. அதை மறைக்க எங்க வீட்டுல வச்ச எண்ணெய்தான் முடியத் தின்னுட்டு. இப்ப கழுத்து வரைக்கும்தான் இருக்கு. கல்யாணம் வேண்டாம்னு நெனச்சா இன்னைக்கே சொல்லிருங்க, பந்தல்காரருக்குச் சொல்லணும்."

அனுப்பிவிட்டு மேசையில் வைத்தாள். போன் வெகுநேரம் சும்மா கிடந்தது. முஃபீதா மெல்ல எட்டிப் பார்த்து, "எல்லாரும் கேட்டுட்டாவ" என்றாள். அப்புறம் ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை கார்த்திகேசன்.

"அத்தை, அழாதீங்க. நீங்க பாத்த என் போட்டோ மூணு வருசத்துக்கு முந்தினது. இப்ப முன்னால பாதி மைதானமாயிட்டு. ஞாயித்துக்கிழமை தலைப்பாகையில சமாளிச்சிரலாம்னு எங்கம்மா சொன்னா. சுகன்யாகிட்ட நான் அப்புறம் பேசுதேன்."

தங்கத்தாய்தான் முதலில் சிரித்தாள். மணிராஜுக்குத் தலை நிறைய முடி என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

மாரிக்கண்ணு கதவைத் திறந்து கூட்டத்தைக் கலைத்தாள். பேச்சியம்மாள் முத்துராணியின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருட்டி" என்றாள். முத்துராணி கையை உருவிக்கொண்டாள்.

"அதைப் பைய பாப்போம். என் கதவுக் கண்ணாடியும் உங்க கணக்குலதான். இப்ப பிள்ளை இங்கன வந்து உக்காரட்டும். ஏட்டி முஃபீதா, புதுக்கடைக்காரன் அப்புறம் கூப்பிடட்டும், அந்தச் சின்னக் கத்தரியக் கொண்டா."

சுகன்யா தலையைக் குனிந்து கொடுத்தாள். மிஞ்சிய முடியை ஒவ்வொரு இழையாக எடுத்து, கழுத்தோரம் ஒரே சீராக வெட்டத் தொடங்கினாள் முத்துராணி.

கேட்டிருந்த என் செல்லங்களே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி சொல்லும் தைரியத்தோடு வளரட்டும். உங்கள் வீட்டுக்கு வரும் மருமகளும் மருமகனும் நரையோடும் வழுக்கையோடும் நூறு வயது சிரித்திருக்கட்டும். உங்கள் அடுப்பில் உலை குறையாமல், தாமிரபரணித் தண்ணீர் போல உங்கள் வாசலில் நல்லது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.