ஆட்டம் முடிந்த நேரம்

அன்றைக்கு வண்ணார்பேட்டை மைதானத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நோட்டைத் திறக்காமலே நேசையாவால் சொல்ல முடியும். ஸ்கோர் மேசைக்குப் பின்னால் அவர். அவருக்கு வலப்புறம் கடிகாரத்தோடு இன்பமணி வாத்தியார். எதிரே, கோட்டுக்கு வெளியே போட்டிருந்த நீளப் பெஞ்சில், பாளையங்கோட்டை அணியில் அவுட்டான இரண்டு பேர்: முதலில் ஆவுடைநாயகம், அவனை அடுத்து கிங்ஸ்டன். கிங்ஸ்டன் நேசையாவின் ஒரே மகன்.

கபடியில், பாடி வருபவன் கை பட்டவன் அவுட். அவுட்டானவன் வீட்டுக்குப் போய்விட முடியாது. அவுட்டான வரிசையிலேயே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். எதிரணியில் ஒருவன் விழுந்தால், இங்கே முதலில் உட்கார்ந்தவன் எழுந்து உள்ளே வருவான். அங்கே ஒருவன் வெளியே போனால்தான் இங்கே ஒருவன் உள்ளே.

அது 2020 மார்ச். ஆட்டம் முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருக்கும்போது போலீஸ் ஜீப் வந்து கூட்டத்தைக் கலைத்தது. ஆற்றங்கரை ஊர்கள் பத்தும் சேர்ந்து நடத்திய லீக் அதோடு நின்றது. செயலாளர் என்ற முறையில் நோட்டும் பெஞ்சும் நேசையா வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆகஸ்டில் கொரோனாவில் ஆவுடைநாயகம் போனான். அடுத்த மே மாதம், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, கிங்ஸ்டன். உட்கார்ந்திருந்த வரிசை மாறவில்லை.

மகன் போய் ஒரு மாதம் கழித்து, தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்காத ஊரடங்குப் பிற்பகலில், நேசையா அந்தப் பெஞ்சைக் கவனித்தார். பலகை முழுக்கத் தூசி படிந்திருந்தது. ஒரு முனையில் மட்டும், பக்கத்துப் பக்கத்தில், ஆள் அகலத்துக்கு இரண்டு இடம் சுத்தமாக இருந்தது.

"பியூலா, பெஞ்சைத் தொடைச்சியா?"

"நான் எதுக்குத் தொடைக்கேன்? அதைப் பாத்தாலே அவன் முகம்தான் வருது." உள்ளறையில் படுத்திருந்த மனைவியின் குரல் கரகரத்தது. "ஒன்பது நாள்ங்க. பிளாஸ்டிக்ல சுத்தித் தந்தாங்க. ஒரு விரலைத் தொடக்கூட விடலியே."

தினமும் அவள் இதைத்தான் சொன்னாள்.

நின்றுபோன கடைசி ஆட்டத்தின் விவரத்தைக் கடிதமாக எழுதி அனுப்பும்படி கபடிச் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் முடிந்த நேரம் குறித்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதிய அதே சீரான கையெழுத்தில், ஓரம் விட்டு, எண் போட்டு, அவர் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த ஆட்டத்தில் எதிரணியாக இருந்த விக்கிரமசிங்கபுரத்தின் கேப்டன் குமரகுருபரன்.

"எழுதியாச்சா அண்ணாச்சி? நீங்க கமா போட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த சீசனே வந்துரும்."

"எழுதிட்டுத்தான் இருக்கேன். அங்க என்ன சத்தம்?"

"எம்மவதான். பொறந்து நாப்பது நாள் ஆவுது, தொண்டையப் பாருங்க." அவன் சிரித்தான். "ஒரு விசயம் அண்ணாச்சி. போலீஸ் வந்தப்ப எங்க ஐயம்பெருமாள ஒங்க பயலுவ மடக்கிட்டானுவ. அந்தக் கூச்சல்ல அம்பயர் விசில் யாருக்கும் கேக்கல. அந்தப் பாயிண்டு ஒங்களுது. எழுதிருங்க. இந்தா, இவனும் பக்கத்துலதான் வடை தின்னுட்டு இருக்கான், அவனே ஒத்துக்கிடுதான்."

நேர்மையான பையன். நேசையா நோட்டை இழுத்து ஐயம்பெருமாளை அவுட் என்று குறித்தார். விதிப்படி, பெஞ்சு வரிசையில் ஆவுடைநாயகத்தின் பெயரை அடித்தார்.

பெஞ்சு கிரீச்சிட்டது.

முனையில் இருந்தவன் எழுந்தால் பலகை எப்படி எம்புமோ அப்படி எம்பி அடங்கியது. செம்மண்ணும் வியர்வையும் வலித் தைலமும் கலந்த மைதானத்து வாசனை அறைக்குள் சூடாகப் பரவியது. வாசல் கேட்டின் கொண்டி தானாகத் தூக்கிக்கொண்டது. எதிர்வீட்டில் ஆவுடையின் அம்மா பார்வதியம்மாளின் குரல், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அழுகை இல்லாமல் கேட்டது: "ஏ ஐயா! வந்துட்டியா! வா, எங்கிட்ட வா..."

வார்த்தை பாதியில் நின்றது. அது நின்றதை நேசையா கவனிக்கவில்லை. வந்துவிட்டான் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

போனில் குமரகுருபரன் கத்தினான். "லே ஐயம்பெருமாளு! லே! அண்ணாச்சி, இவன் பொசுக்குனு சரிஞ்சிட்டான். மூச்சு இல்ல. இப்பதான பேசிட்டு இருந்தான்!"

நேசையா பெஞ்சைப் பார்த்தார். அடுத்தது கிங்ஸ்டன்.

ஒரே ஒரு பாயிண்ட். இந்த நோட்டில் அவர் பொய் எழுதியதே இல்லை. யாராவது ஒரு பெயர் வேண்டும். விக்கிரமசிங்கபுரம் அணியில் மற்றவர்கள் பெயரெல்லாம் கண் முன் கலங்கியது. காதில் ஒரு பெயர்தான் இருந்தது.

"அண்ணாச்சி, ஆம்புலன்சுக்குச் சொல்லணும். நீங்க லைன்ல இருக்கியளா?"

குமரகுருபரன், அவுட் என்று எழுதினார்.

"அண்ணா..."

அப்புறம் அந்தக் குழந்தையின் அழுகை மட்டும்தான். அதைத் தூக்க யாரும் வரவில்லை. நேசையா போனை அணைத்தார்.

கிங்ஸ்டன் பெயரை அடித்தார். பலகை எம்பி அடங்கியது. வெறுங்கால்கள் அவரைக் கடந்து நடைவழியே பின்வாசலுக்குப் போயின. கொல்லையில் வாளி நகர்ந்தது. தண்ணீர் விழுந்தது. விளையாடிவிட்டு வந்தால் கால் கழுவாமல் அவன் வீட்டுக்குள் வரமாட்டான்.

என் பிள்ளை.

இரண்டு அவுட்டையும் கடிதத்தில் ஏற்றினார். இன்னும் ஒரு வரிதான் பாக்கி. ஆட்டம் முடிந்த நேரம். பேனா அங்கே நின்றது. முடிந்தது என்று எழுதினால், எல்லோரும் மைதானத்தை விட்டுப் போய்விடுவார்கள். அவனும்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் வைத்திருந்தால் மனசு மாறிவிடும். தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசை தடவினார். ஸ்டாம்பு ஒட்டினார். செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்தார். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு. ஐந்து. ஆறு. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

சுவரில் தொங்கிய தபால் பெட்டியின் வாயில் உறையைத் தள்ளினார். அடியில் டொக்கென்று விழுந்தது.

திரும்பியபோதுதான் பார்த்தார். எதிர்வீட்டு வாசற்படியில் பார்வதியம்மாள் மூச்சில்லாமல் சரிந்து கிடந்தாள். கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி. கண் திறந்தபடி. சிரித்தபடி. படியைத் தாண்டித் தெருவுக்குள், அடுத்த வீட்டை நோக்கி, ஈரச் செம்மண் சுவடுகள்.

அவர் வீட்டு முன்கதவு திறந்திருந்தது. வாசலிலிருந்து கொல்லைவரை நேராகத் தெரிந்தது. பின்வாசலில் கிங்ஸ்டன். முழங்கால் மடங்கியிருந்தது. ஒரு கை நீண்டிருந்தது. பாடிக்கொண்டிருந்தான். ஒரே மூச்சில். இறங்காத மூச்சு.

கபடி கபடி கபடி கபடி.

நேசையா பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டார். எட்டவில்லை. மணிக்கட்டு கிழிய உள்ளே திணித்தார்.

எட்டவில்லை.

"கிங்ஸ்டனு!" பியூலா உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். "ஏ ராசா!"

தொடுவதற்கு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவள் ஓடினாள்.