இசட் போட்ட பெயர்கள்

மென்பொருள் திரையின் மூலையில் இருந்த கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியது. சுவரில் மூன்றே கால், திரையில் மூன்று எட்டு. புதிய பதிப்பை ஏற்றியதிலிருந்து முளைத்த கோளாறுகளில் இதுதான் ஆகச் சிறியது என்பதால் டேட்டா அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனம் அது. ஆறாயிரம் வாடிக்கையாளர்களின் விவரமும் அவள் கையில்தான். அவளைவிடப் பத்து வயது பெரிய மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவள் 'டேட்டா அக்கா'. நாளை காலை ஒன்பது மணிக்குப் புதிய மென்பொருள் தானாகவே வாடிக்கையாளர்களுக்குப் போன் போட ஆரம்பிக்கும். அதற்குள் பட்டியலைச் சரிபார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஏசி ஓடாத அலுவலகத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

சிக்கல் இசட்டில்தான். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். அவர்கள் காலமானால் அதைக் குறிக்கப் பழைய மென்பொருளில் இடமே கிடையாது. முன்பு ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த பெண் விவரம் தெரியாமல் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, "சாருக்கு இப்ப நல்லா கேக்குதாங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா அழுத அழுகை அறை முழுக்கக் கேட்டது. அன்றுதான் டேட்டா அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். போனவர் பெயருக்கு முன்னால் இரண்டு இசட். பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், யாரும் கூப்பிட மாட்டார்கள். நாளடைவில் அதுவே ஆபீஸ் பேச்சாகிவிட்டது. "லீவு கேட்டா எனக்கும் இசட் போட்டுடாதீங்க அக்கா" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

புதிய மென்பொருளில் பட்டியலை ஏற்றுவதற்கு முன் இசட் போட்ட பெயர்கள் முப்பத்தெட்டு. ஏற்றிய பிறகும் முப்பத்தெட்டு. எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியது. பெயர்கள்தான் வேறு.

போன மாதம் நேரில் வந்து பேட்டரி வாங்கிப் போன வாத்தியார் இசட்டில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்த போஸ்ட்மாஸ்டர், இசட் உதிர்ந்து, உயிரோடு இருப்பவர்கள் நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டதே என்று நொந்துகொண்டு மென்பொருள்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள்.

"எண்ணிக்கை சரியா இருக்குன்னா டேட்டா போகலை மேடம்" என்றான் அங்கிருந்த பையன், கொட்டாவியை மென்றபடி. "ரெண்டு வரி மாறி உக்காந்திருக்கும். வெளிய வந்து மறுபடி உள்ள போங்க. சரியாயிடும்."

"கடிகாரம் வேற ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது தம்பி."

"அதுவா? அதை விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

வெளியே வந்தாள். உள்ளே போனாள். ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இறந்தவர்களின் வீட்டார் திருப்பிக் கொடுக்கும் கருவிகளை அவள் மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பாள். பேட்டரி உள்ள கருவியை மூடி வைத்தால் மெல்லிசாக விசில் அடிக்கும், காதுக்குள் எறும்பு ஊர்வதைப் போல. பெட்டிக்குள் ஒன்று அப்படி விசிலடித்தது. பேட்டரிகளையெல்லாம் அவளே கழற்றித்தான் உள்ளே போட்டிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியைக் காலால் தள்ளி வைத்தாள்.

வரிதான் மாறியதா என்று ஒரு பெயரில் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று வாத்தியார் வீட்டுக்கே போன் போட்டாள். மருமகள் எடுத்தாள்.

"பேட்டரி தீந்திருக்குமேன்னு கேக்கலாம்னு…"

"மாமா சாப்பிட்டுட்டுப் படுத்தாரும்மா. ஒன்னேகால் இருக்கும், எழுப்பப் போனேன், எழுந்திருக்கலை. சொந்தக்காரங்களுக்கே இன்னும் சொல்லி முடிக்கலை. உங்களுக்கு யாரு சொன்னா?"

டேட்டா அக்கா என்னமோ சொல்லிவிட்டு வைத்தாள். வாத்தியாரின் பக்கத்தைத் திறந்தாள். இசட் சேர்த்த நேரம்: இன்று, 1:08. சேர்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயரே இருந்தது.

முப்பத்தெட்டையும் நேர வரிசைப்படி அடுக்கினாள். விடியற்காலையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. கடைசி வரியின் நேரம் இன்னும் வரவே இல்லை. 5:05. பெயர், அவள் தம்பியுடையது.

அவன் காதுக்கு ஒரு குறையும் கிடையாது. போன வருடம் புதுப் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க, அவனை ஒரு போலி வாடிக்கையாளராகக் காது சோதனை அறைக்குள் உட்காரவைத்தாள். சுவரெல்லாம் பஞ்சு வைத்துச் சத்தம் புகாமல் அடைத்த கண்ணாடிக் கூண்டு அது. காதில் சத்தம் விழும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். அவன் சத்தமே வராதபோதும் இரண்டு கையையும் தூக்கித் தூக்கி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அன்று பதிந்த பெயரை அவள் அழிக்க மறந்துவிட்டாள். ஐந்து மணிக்கு அவன்தான் காரில் வந்து அவளைக் கூட்டிப்போக வேண்டும்.

இசட்டை அழித்துச் சேமித்தாள். திரும்பி வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது. பெட்டிக்குள் இப்போது இரண்டு விசில்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"கெளம்பிட்டேன்க்கா. என்ன அவசரம்?"

"டேய், வண்டிய ஓரமா நிறுத்து. இப்பவே. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

"மழை கொட்டுது. என்னாச்சு உனக்கு?"

"காரணம் கேக்காதடா. என் மேல ஆணை."

அவன் சலித்துக்கொண்டே நிறுத்தினான். போனை வைக்க அவள் விடவில்லை. காரின் கூரையில் மழை தட்டுவதைக் கேட்டபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதேதோ பேசினான், அவளைக் கிண்டல் செய்தான், ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான். ஐந்து மணி ஐந்து நிமிடம். அவன் பேசிக்கொண்டிருந்தான். ஐந்து ஆறு. இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாத்தியார் கதை தற்செயல். எல்லாம் தற்செயல்.

"வாடா, பைத்தியமே."

"யாரு பைத்தியம்? அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்." வண்டி உறுமியது. போனை வைத்துவிட்டான்.

கணினியை அணைக்கத் திரும்பினாள். திரையின் மூலையில் மணி ஐந்து ஆகவில்லை. 4:59.

மருமகள் ஒன்னேகால் என்றாள். திரை 1:08 என்றது.

ஏழு நிமிடம்.

போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா. எடுத்துத் தொலைடா. 5:01. மறுபடி போட்டாள். பெட்டிக்குள் விசில் ஒவ்வொன்றாகக் கூடியது. 5:03. ஓரமாகவே நின்றிருப்பான். அவள்தான் வரச் சொன்னாள். அவள்தான். 5:04. மணி அடித்தது.

5:05.

மணி பாதியில் நின்றது.

விசிலும் நின்றது. எல்லாம். மழைச் சத்தம்கூட இல்லை. அவள் மூச்சு மட்டும்.

சோதனை அறையின் கதவு சாத்தித்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு இல்லை. உள்ளே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. ஆனால் இருட்டு நெரிசலாக இருந்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் போல.

"தம்பி?"

சத்தமாகச் சொல்லவில்லை. உதடு மட்டுமே அசைந்தது. எந்தச் சத்தமும் புகாத கூண்டு அது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அவன் பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்த கடிகாரம் மணிக்கட்டில் இருந்தது. நனைந்திருந்தது.

அதன் இரண்டு பக்கமும், மெதுவாக, மற்றக் கைகள் உயர்ந்தன.