இன்னும் கொஞ்சம் நீலம்

விடியும்போது வீடு சூடாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அடுப்புக்காரர் கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த காலை உள்ளே இழுக்கத் தோன்றவில்லை, மூச்சு விட்டால் வாயிலிருந்து ஆவி வரவில்லை, ஜன்னல் கண்ணாடியில் இலை இலையாகப் படர்ந்திருக்க வேண்டிய உறைபனி உருகிச் சட்டத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அந்த வீடு விடியற்காலையில் சூடாக இருந்ததில்லை. இருக்கவும் முடியாது. சூட்டைப் பிடித்து வைக்கிற தகட்டை அவரே பிடுங்கிப் பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டியில் போட்டுவிட்டிருந்தார்.

கூடத்தின் நடுவே கூரைவரை எழும்பி நிற்கும் செங்கல் அடுப்பு அது. சாயங்காலம் ஒரு தரம் நல்ல காய்ந்த விறகைப் போட்டு வேகமாக எரித்துவிட்டால், செங்கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். எரிந்து முடிந்ததும் புகைபோக்கியின் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டைத் தள்ளி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அத்தனை சூடும் வானத்துக்குத் தானம். சீக்கிரம் அடைத்தால் சூடு மிச்சம். ரொம்பச் சீக்கிரம் அடைத்தால் ஆள் மிச்சமில்லை. கங்கின் மேல் நீலச் சுடர் ஓடுகிறவரை அந்தத் தகட்டைத் தொடவே கூடாது. நீலம் இருக்கிறவரை கங்கு விஷத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த விஷத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பதினைந்து வருஷமாக வீடு வீடாக அடுப்புக் கட்டிக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் தொண்டை வறள இதைச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

அவருடைய மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஆறு வயது. ‘சின்ன மேஸ்திரி’ என்றுதான் அவளைக் கூப்பிடுவார். தினமும் தூங்கப் போகும் முன் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, கங்கைப் பார்த்து, நீலம் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்வது அவள் வேலை. அந்த வேலையில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவள் சொன்ன பிறகுதான் அப்பா தகட்டைத் தள்ளுவார். ஒரு நாள் தள்ளினார். அவரும் மனைவியும் பின்னறையில், ஜன்னல் ஓரமாகத் தூங்கினார்கள். சூடாக இருக்கிறதே என்று மகள் அடுப்பை ஒட்டிய பெஞ்சில் தூங்கினாள், எழுந்திருக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் அவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். “நீலம் போயிடுச்சுன்னு பாப்பா சொன்னா, அதான் மூடினேன்.” மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவள்தான் அழுதுகொண்டே அவருக்கு ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலின் மேல்தான் இந்த இரண்டு வருஷக் குடித்தனமும் நின்றது. இப்போது ஒரு மகன் பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தவள் முந்தாநாள்தான் பிள்ளையோடு திரும்பியிருந்தாள்.

“என்னங்க, தகட்டைத் திரும்பப் போட்டீங்களா?” அறை வாசலில் நின்று கேட்டாள். தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“இல்லம்மா. எங்க போட? அது போய் ரெண்டு வருஷமாச்சு.”

“அப்ப எப்படி இவ்ளோ சூடு?”

“வெளிய குளிர் விட்டிருக்கும்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி சட்டத்தின் பாதிவரை ஏறி நின்றது. “எனக்குத் தலை பிளக்குது. இவன் பாலுக்கு எழுந்துக்கவே இல்ல. நான்தான் உலுக்கி எழுப்பினேன். பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா போடல.”

இதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியவா போகிறது? அக்கா வாங்கிக் கொடுத்திருந்த எச்சரிக்கைப் பெட்டியை, அறையில் விஷக்காற்று ஏறினால் கத்துகிற சின்ன வெள்ளைப் பெட்டியை, பையிலிருந்து எடுத்துத் தொட்டிலுக்கு மேலே மாட்டினாள். “ரோடு திறந்ததும் நானும் பிள்ளையும் அக்கா வீட்டுக்குப் போயிடறோம்” என்றாள். அவர் தலையாட்டினார்.

பகல் முழுக்க அவர் அடுப்பைச் சோதித்தார். தகடு இருந்த பிளவைக் களிமண்ணால் பூசி அடைத்திருந்தார். அந்தக் களிமண் தரையில் பொடியாக உதிர்ந்து கிடந்தது. சூட்டில் வெடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூட்டி அள்ளினார். பிளவுக்குள் விரலை விட்டார். காலி. ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அங்கே பிடித்தார், சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது. புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தபோது மேலே வட்டமாக, சுத்தமாக, ஒரு துண்டு வானம் தெரிந்தது. விறகை இரண்டு இரண்டாகத் தட்டிப் பார்த்தார். ‘டணார்’ என்று மரம் பேசியது, ஈரம் இருந்தால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. கையை முகர்ந்து பார்த்தபோது மட்டும், எண்ணெய் தேய்த்த பழைய இரும்பின் வாசனை அடித்தது.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. பிள்ளையின் கால் சில்லிட்டுவிட்டதாக மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். எரிக்காமல் இருக்க முடியாது. கூடத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டு, பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, உச்சியில் நெருப்பு வைத்தார். அது சொன்ன பேச்சைக் கேட்கிற நெருப்பு. புகையில்லாமல், அவசரமில்லாமல், மேலிருந்து கீழே இறங்கிக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்று, ஒரு மணி நேரத்தில் அடுப்பு நிறையச் செக்கச் செவேலென்று கங்கை விட்டுவைத்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவர் தரையில் உட்கார்ந்தார். செங்கல் சூடேறும்போது வரும் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம், உள்ளறையில் தொட்டில் ஆடும் கிரீச், ஜன்னல் இடுக்கில் காற்றின் விசில். கங்கின் மேல் நீலம் ஓடியது. ஒரு மூலையில் படுத்து, இன்னொரு மூலையில் எழுந்து, தவழ்ந்து தவழ்ந்து ஓடியது. அதைப் பார்க்கவே கூடாது என்று இரண்டு வருஷமாக இருந்தவர் இன்று கண்ணை எடுக்கவில்லை.

காற்றின் விசில் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஜன்னல் மூடியிருந்தது. கொக்கி உள்பக்கமாகப் போட்டிருந்தது.

எழுந்திருக்க நினைத்தபோதுதான் அந்த மூச்சு கேட்டது. அவருக்கு இடதுபக்கம், முழங்கால் உயரத்தில். மூக்கடைத்த பிள்ளைகள் வாயால் விடுகிற மூச்சு. குளிர்காலம் முழுக்க அவளுக்கு மூக்கடைப்புத்தான், தைலம் தேய்த்தாலும் கேட்காது. சோப்பும் சாம்பலும் கலந்த தலைமுடி வாசனை வந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயந்தார். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயந்தார். பாவி மனது, அந்த நேரத்திலும் ஆசைப்பட்டது.

“அப்பா,” என்றது குரல். “இன்னும் கொஞ்சம் நீலம் இருக்குப்பா.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கும் அவள் இதைத்தான் சொன்னாள். இதே வார்த்தை. இதே மூக்கடைத்த குரல். அன்று வெளியே இதைவிடக் கொடுமையான குளிர், ஒவ்வொரு நிமிஷமும் சூடு புகைபோக்கி வழியாகப் போகிறதே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. ‘தூங்காம இருக்க இது ஒரு சாக்கு. போய்ப் படுடி மேஸ்திரி’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் தகட்டைத் தள்ளினார். அவளும் சரி என்று போய்ப் படுத்தாள். அப்பாவுக்குத் தெரியாததா?

தலைக்கு மேலே இரும்பு உரசியது.

ஸ்ர்ர்ர்.

நிமிர்ந்தார். பிளவில் தகடு இருந்தது. அதே தகடு. அதை இழுக்கிற வளையத்தில் அவர் சுற்றிவைத்திருந்த பழைய துணிகூட அப்படியே. அது மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து வளையத்தைப் பிடித்து இழுத்தார். கை வெந்தது. விடவில்லை. சுவரில் காலை உதைத்து இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பலம் இழுத்தது. பிள்ளையின் பலம் அல்ல. செங்கல் தூக்கிப் பழகின கையின் பலம், அவசரத்தில் இருக்கிற ஆம்பிளைக் கை. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். அது அவர் கைதான்.

“அப்பா, இருக்குப்பா” என்றது கீழே குரல்.

‘டக்’ என்று தகடு மூடிக்கொண்டது.

உள்ளறையில் வெள்ளைப் பெட்டி வீறிட்டது. அவர் ஓடினார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து, கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் போலத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் திணித்து, இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி, வாசல் கதவை இழுத்துத் திறந்தார். மூவரும் பனியில் விழுந்தார்கள். குளிர் கன்னத்தில் அறைந்தது. பிள்ளை இருமியது. பிறகு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவரும் அழுதார். உயிரோடு இருக்கிறார்கள், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அவர் எழுந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

“உள்ள பாப்பா இருக்கா” என்றாள் மனைவி.

கூடத்து ஜன்னலில் சின்ன உருவம் நின்றது. சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தது.

“பாக்காத. வா, போயிடலாம்.”

“பாப்பாங்க. நம்ம பாப்பா. கதவைத் திறங்க!”

“அது அவ இல்லம்மா!”

“என் பிள்ளைய எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அவ உள்ள கிடந்தப்ப நான் தூங்கிட்டேன். இன்னைக்கு முழிச்சிருக்கேன். விடுங்க!”

அவர் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெந்த தோல் இரும்பில் ஒட்டியது. ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி இன்னொரு கையால் அவள் அவர் முதுகில் அடித்தாள். அவள் உள்ளே போனால் திரும்ப மாட்டாள், அது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவளை நிறுத்த வேண்டும். எதைச் சொன்னால் நிற்பாள்? அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“அவ உன்னைத் தேடல. என்னைத்தான் தேடறா. அன்னைக்கு அவ நீலம் போயிடுச்சுன்னு சொல்லல. இன்னும் இருக்குன்னு சொன்னா. நான்தான் கேக்கல. நான்தான்மா பொய் சொன்னேன்.”

அடி நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“ரெண்டு வருஷமா,” என்றாள், “தினம் படுக்கும்போது அவகிட்ட சொல்லிட்டிருந்தேன். பரவால்ல கண்ணு, நீ சின்னப் பிள்ள, தெரியாம சொல்லிட்டே, அம்மா உன்னை மன்னிச்சிட்டேன்னு.”

அவர் கைப்பிடியை விடவில்லை.

“இவனைப் பிடிங்க.”

பிடிங்க என்றவள் நீட்டவில்லை, விட்டுவிட்டாள். ஒரு மாதப் பிள்ளை, கழுத்து நிற்காத பிள்ளை. அவருடைய இரண்டு கையும் கைப்பிடியை விட்டுப் பிள்ளையைப் பிடித்தன. அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தோளால் மோதினார். உதைத்தார். அசையவில்லை. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினார். பனி அந்தச் சத்தத்தை அங்கேயே விழுங்கியது. சட்டைக்குள் பிள்ளையைப் பொதிந்துகொண்டு, இடுப்பளவு பனியில் நீந்தி ஜன்னலுக்குப் போனார். முழங்கையால் கண்ணாடியை இடித்தார். மறுபடி இடித்தார். கீறல்கூட விழவில்லை.

உள்ளே அவள் மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். காதோடு என்னவோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். மகள் தலையாட்டினாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் கூட்டிப் போய் உட்கார வைத்து, கங்கை விரலால் காட்டினாள். இரண்டு முகத்திலும் நீலம் ஓடியது. வெள்ளைப் பெட்டியின் வீறிடல் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கத்தினார். இருவரும் திரும்பவில்லை.

மகள் அம்மாவின் மடியில் சாய்ந்து கொட்டாவி விட்டாள்.

பிறகு அம்மாவும் கொட்டாவி விட்டாள்.