இரவில் திரும்பிய ஆன்டெனா

"டிசம்பர் பொறந்ததுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல மேடம்," என்றார் ஜீவரத்தினம். எதிரில் வைத்த காபியை அவர் தொடவில்லை.

இரும்புலியூரில் சொந்த வீடு, பொத்தேரியில் கல்லூரி ஆசிரியர் வேலை, மொட்டை மாடியில் பொழுதுபோக்காக வெளியூர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கான ஆன்டெனா என்று வாழ்பவர் அவர். எதிரே இருந்த திரிபுரசுந்தரி விமான நிலைய வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் பக்கத்து ஹாம் ரேடியோக்காரர்கள் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் ஃபிரெடி. வங்கி அதிகாரி. ரேடியோ லைசென்ஸ் புதிது, உற்சாகமும் புதிது.

"தினமும் இருட்டினப்புறம் போர்ட் பிளேர் நண்பர்கிட்ட பேசுறேன். ஆன்டெனாவைக் கையால கிழக்கே திருப்பி, பிரேக் போட்டு, மாடிக் கதவைப் பூட்டிடுவேன். காலையில போய்ப் பார்த்தா தென்கிழக்கே நிக்குது."

"இருட்டுல அது கிழக்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் திரிபுரசுந்தரி.

"ஆன்டெனா தண்டுல சென்சர் வெச்சிருக்கேன். திசைகாட்டி மாதிரி. போன்ல தொண்ணூறுன்னு காட்டினா கிழக்கு. காலையில பார்த்தா நூத்தி இருபத்தஞ்சு. கண்ணுக்கும் அப்படித்தான் தெரியுது."

"யாரு மேல சந்தேகம்?" என்று ஃபிரெடி முன்னால் நகர்ந்தார்.

"சந்தேகம் என்ன, பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன்தான். ஆன்டெனா நிழல் அவர் சோலார் பேனல்ல விழுதுன்னு சண்டை. கைப்பிடிச் சுவரைத் தாண்டினா எங்க மாடி. ஒருநாள் அவர் ஊரப்பாக்கத்துல மக வீட்டுக்குப் போயிருந்தார். அன்னிக்கு மட்டும் ஆன்டெனா அசையல. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். நேத்து அவரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

திரிபுரசுந்தரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே போலீஸா? சரி. அன்னிக்கு ரேடியோ எப்படிக் கேட்டுது?"

"சாயந்திரமே ஏரியா பூரா கரன்ட் போயிடுச்சு. பேட்டரியிலதான் பேசினேன். ஆனா நண்பர் குரல் அவ்வளவு தெளிவு. மத்த நாள்ல கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். அது வேற பேஜார்."

"நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வரோம்," என்றார் அவர்.

மறுநாள் மாலை மாடிக்கு வந்ததும் ஃபிரெடி கைப்பிடிச் சுவரில் ஒரு சேற்றுத் தடத்தைக் கண்டுபிடித்தார்.

"மேடம், செருப்புத் தடம்."

"ஈரமா இருக்கு ஃபிரெடி. இப்பத்தான் நீங்க ஏறி எட்டிப் பார்த்தீங்க."

பக்கத்து மாடியில் ஸ்ரீரங்கன் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். திரிபுரசுந்தரி அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார்.

"இன்னும் என்ன விசாரணை பாக்கி?" என்று கேட்டாலும் அவர் நின்றார்.

திரிபுரசுந்தரி அண்ணாந்து பார்த்தார். ஆன்டெனா தண்டின் நடுவே சென்சர் பெட்டி. அதன் கீழே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரியாமல் தொங்கியது. வெளிச்சத்திலேயே ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பச் சொல்லி, பிரேக் போட வைத்தார். போன் தொண்ணூறு காட்டியது.

"இனிமே யாரும் தொடாதீங்க. சார், நட்சத்திரத்தைப் போடச் சொல்லுங்க."

ஜீவரத்தினம் கீழே குரல் கொடுத்தார். அவர் மனைவி ரத்தினபாய் சுவிட்சைப் போட்டார். நட்சத்திரம் எரிந்தது. போனில் தொண்ணூறு மறைந்து ஐம்பத்தைந்து வந்தது. ஆன்டெனா இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜீவரத்தினம் போனையும் ஆன்டெனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நட்சத்திரத்துக்குப் போற ரெண்டு கம்பியில ஒண்ணோட மிச்சத்தைச் சென்சர் பெட்டி மேலயே சுத்தி டேப் ஒட்டியிருக்கு," என்றார் திரிபுரசுந்தரி. "அடாப்டர் கரன்ட் ஓடினா அந்தச் சுருள் ஒரு காந்தம். சென்சர் ஏமாந்துடும். அது தொண்ணூறு காட்டற வரைக்கும் நீங்க திருப்புவீங்க. ஆன்டெனா தென்கிழக்கே போயிடும். காலையில நட்சத்திரம் அணைஞ்சதும் சென்சர் உண்மையைச் சொல்லும்."

"அப்போ ராத்திரி யாரும் வரலையா மேடம்?" ஃபிரெடியின் குரலில் ஏமாற்றம் இருந்தது.

"வந்திருந்தா இவர் பேசி முடிச்சுத் தூங்கினப்புறம்தானே ஆன்டெனா திரும்பியிருக்கணும்? இவர் பேசிட்டிருக்கும்போதே சிக்னல் கம்மி. அப்பவே ஆன்டெனா தப்பான பக்கம் இருந்திருக்கு. தெளிவாக் கேட்ட நாள்ல ஸ்ரீரங்கன் சாரும் வீட்ல இல்ல, கரன்ட்டும் இல்ல. ஒண்ணைப் பார்த்தீங்க, இன்னொண்ணை விட்டுட்டீங்க. நட்சத்திரத்தை மாட்டினது யாரு?"

"நான்தான். ஒண்ணாம் தேதி." ஜீவரத்தினம் சுவரோரம் போனார். "மன்னிச்சுக்கோங்க சார். சென்சர் தப்பாக் காட்டிடுச்சு."

ஸ்ரீரங்கன் கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்தார். "சென்சர் திசையைத்தான் தப்பாச் சொல்லுச்சு. என் பேரைச் சொன்னது நீங்க."

"இப்பவே ஸ்டேஷன் போய்ப் புகாரை வாபஸ் வாங்கறேன்," என்றார் ஜீவரத்தினம்.

"நானும் வரேன். உள்ள வரமாட்டேன், வாசல்ல நிப்பேன். நீங்க சொல்றது எனக்குக் கேக்கணும்."

ஸ்டேஷனில் எழுத்தர் புகாரைத் தேடி எடுத்து, அலுப்போடு ஒருமுறை படித்தார்.

"அப்போ யாருதான் சார் அதைத் திருப்பினது?"

ஜீவரத்தினம் வாசலில் நின்ற ஸ்ரீரங்கனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் திருப்பினேன்," என்றார், வாசல்வரை கேட்கும்படி.